ஏரிப் பராமரிப்பும் ஊராரின் அதிகாரமும்

விதை, எரு, உழவு ஆகிய மூன்றையும் பற்றிக் குடியானவர்களுக்கு நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லி வருகிறோம். நல்ல விதையை ஒருவன் தனியே வாங்கலாம். எருவைத் தனியே சேர்க்கலாம். தன் வயலைத் தானே செம்மையாக உழலாம். ஆனால் ஏரிப்பாசன நிலத்தில் ஜலம் ஒன்று மட்டும் தனி ஒருவனுடைய முயற்சிக்கு அகப்படுவதன்று. அது ஊர் முழுவதும் கூடிக் காக்கவேண்டிய பொருள். ஊர் காவாமற் போனால் என்ன நேரிடும் என்பதையும், காக்கும் அதிகாரம் ஊராருக்கு எவ்வாறு இருந்தது, எவ்வாறு நழுவியது, இனி எவ்வாறு கைகூடும் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

கடைமடையில் நான் கற்ற பாடம்

விவசாயப் பட்டயப் படிப்பை முடித்து இவ்வேலையில் சேர்ந்து எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சில ஆண்டுகளுக்கு முன் செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நவரைப் பட்டத்துக்கு ஒரு மாதிரி வயல் அமைத்தேன். ஏரியின் ஆயக்கட்டு 180 ஏக்கர். நான் தேர்ந்த வயல் கடைமடையில் இருந்தது. குறுகிய வயதுடைய கோ 51 ரகத்தை வரிசை நடவு செய்து, மண் பரிசோதனைப்படி உரமிட்டு, களையெடுத்துப் பயிரைப் பார்ப்பதற்கே அழகாக வளர்த்திருந்தோம். பங்குனி பிறந்தபோது கதிர் வெளிவந்தது. அப்பொழுது ஏரியில் ஜலம் வற்றிவிட்டது. தலைமடையில் வரப்பு வழிந்து வடிகாலில் ஓடிய நாட்கள் பல உண்டு. கடைமடைக்கோ இரண்டு பாய்ச்சல் போதாமற் போயிற்று. பால் பிடிக்கவேண்டிய கதிர்கள் பதராய் வெளுத்து நின்றன. ஏறக்குறைய 70 ஏக்கர் அவ்வாறே போயிற்று.

அந்த வயலுக்குடைய முதியவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா, விதையும் உரமும் நீங்கள் சொன்னபடியே போட்டேன். தண்ணீரை மட்டும் யாரிடம் போய்க் கேட்பது என்று நீங்கள் சொல்லவில்லையே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. உரத்தைக் கிலோக் கணக்கில் அளந்த நான் ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும், அதைப் பங்கிடுவார் யார் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. பிழை என்னுடையதே. பிற்பாடு விசாரித்தபோது தெரிந்தது இது: தை மாதத்தில் நின்ற ஜலம் ஏறக்குறைய 110 ஏக்கருக்கே போதுமானது. நட்டதோ 180 ஏக்கர். நீரைப் பங்கிட்டு விட்டுவந்த நீர்க்கட்டி காலஞ்சென்றபின் அவ்விடத்துக்கு வேறொருவரை ஊரார் அமர்த்தவில்லை. வரத்துக்கால் தூர்ந்திருந்தது. கேட்பாரும் இல்லை, கேட்க ஓர் இடமும் இல்லை.

ஏரியின் உறுப்புக்கள்

வடக்கே ஏரி என்றும், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களில் கண்மாய் என்றும், திருநெல்வேலிப் பக்கத்தில் குளம் என்றும் வழங்குவதெல்லாம் ஒன்றே. தமிழ்நாட்டில் இத்தகைய பாசன ஏரிகள் சுமார் 39,000 உள்ளன. நம் நாட்டின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில நாள் மழையைப் பல மாதப் பயிருக்குச் சேமித்து வைப்பதே ஏரியின் தொழில்.

ஏரிக்கு ஐந்து உறுப்புக்கள் உண்டு. மழைநீர் வழிந்து சேரும் மேட்டுநிலமாகிய நீர்ப்பிடிப்பு ஒன்று. அந்நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் இரண்டு. நீரைத் தாங்கும் கரை மூன்று. வேண்டும்போது நீரை வயலுக்கு விடும் மதகு நான்கு. மிகுந்த நீரைக் கரைக்கு ஆபத்தின்றி வெளியேற்றும் கலிங்கு ஐந்து. மேலேரியின் கலிங்கு வழியும் நீர் கீழேரிக்கு வரத்தாக அமைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல ஏரிகள் சங்கிலிபோல் தொடர்ந்திருப்பது வழக்கம். ஆகையால் ஓர் ஊரார் கலிங்கைத் தம் இஷ்டப்படி உயர்த்தினால் கீழூர் காய்கிறது. கலிங்குக்குக் கீழுள்ள போக்குக் காலை அடைத்து வீடு கட்டினால் மழை மிகுந்த ஆண்டில் ஊரே முழுகுகிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையும் அதன் சுற்றுப்புறங்களும் வெள்ளத்தில் பட்ட பாடு இதனை யாவருக்கும் உணர்த்தியது.

இந்த ஐந்து உறுப்புக்களில் எதுவும் ஒரு பட்டாதாரனுக்குச் சொந்தமானதன்று. ஆயினும் ஒவ்வொரு பட்டாதாரனுடைய விளைச்சலும் இவ்வைந்தையும் நம்பியே நிற்கிறது. ஏரி விஷயத்தில் ஊராரின் கூட்டு அதிகாரம் ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதுவே காரணம்.

முன்னாளைய ஏற்பாடு

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்க் காரியங்களைப் பார்க்க வாரியங்கள் அமைத்ததையும், அவற்றின் அங்கத்தினரைக் குடவோலை முறையில் தேர்ந்ததையும் அவை விவரமாகக் கூறுகின்றன. அவற்றுள் ஏரியைக் கவனிப்பதற்கென்றே 6 பேர் கொண்ட ஏரி வாரியம் ஒன்று இருந்தது. பதவிக் காலம் ஓராண்டு. முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர இயலாது. எல்லாவற்றினும் கவனிக்கத்தக்க விதி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பின்னொருபோதும் தேர்வுக்கு உரியவராகார். அவருடைய நெருங்கிய உறவினரும் உரியவராகார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, பொதுப் பணத்தைத் தொடுகிறவன் கணக்குச் சொல்லவேண்டும் என்பதை நம்மவர் கல்லில் வெட்டிவைத்தனர்.

பிற்காலத்திலும் ஏரிப் பராமரிப்புக்கென்று மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. அவற்றின் வரும்படி கரைக்கும் மதகுக்கும் செலவாயிற்று. அறுவடையின்போது களத்திலேயே நீர்க்கட்டிக்கு உரிய நெல்லும் கதிர்க்கட்டும் அளக்கப்பட்டன. இதற்குமேல் வரத்துக்கால் வெட்டுதல், கரைக்கு மண் போடுதல் முதலிய வேலைகளுக்கு ஊரார் வீட்டுக்கு ஓர் ஆளாகவோ, நிலத்துக்குத் தக்க ஆளாகவோ கூடினர். இதுவே குடிமராமத்து எனப்பட்டது.

அதிகாரம் நழுவிய விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வேற்பாடு தளர்ந்தது. இரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவனும் தனித்தனியே சர்க்காருக்கு வரி செலுத்துபவனானான். ஊர் என்னும் கூட்டுக்கு நிலத்தீர்வையில் இடமில்லாமற் போயிற்று. பழைய மானியங்கள் பல மாறின. பராமரிப்புக்கென்று இருந்த வருவாய் குறைந்தது. வேலை செய்யும் கடமை மட்டும் குடிகளிடத்தில் மீந்தது. அக்கடமையை வற்புறுத்த 1858-ஆம் ஆண்டில் சென்னைக் கட்டாய வேலைச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கப்படி செய்யவேண்டிய குடிமராமத்து வேலைக்கு வர மறுத்தவன் அவ்வேலையின் மதிப்பைப்போல் இரு மடங்கு செலுத்தவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. வருவாயையும் உரிமையையும் இழந்த ஊராரைத் தண்டத்தால் மட்டும் ஒன்றுசேர்க்க இயலவில்லை. பல ஏரிகள் பழுதடைந்தன. 1883-ஆம் ஆண்டில் சர்க்காரே ஏரிகளை அளந்து பழுதுபார்க்கத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கவேண்டியதாயிற்று.

1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் இராமநாதபுரம், சிவகங்கை முதலிய ஜமீன்களின் கண்மாய்களும் சர்க்கார் வசம் வந்தன. பொதுவாக 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேருக்கு) மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வள இலாகாவின் பொறுப்பிலும், அதற்குட்பட்டவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருக்கின்றன. அதன்பின் ஆழ்கிணறும் மின்சார மோட்டாரும் பெருகின. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாயிற்று. வசதியுள்ளவன் கிணறு வெட்டிக்கொண்டு ஏரியை மறந்தான். ஏரி வேலைக்கு ஊரைக் கூட்டவல்லவர்கள் அவர்களே ஆதலால், அவர்கள் ஒதுங்கியதும் ஊர் கூடுவது நின்றது. 1960-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் ஏரிப்பாசனம் பெற்ற நிலம் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல். அண்மை ஆண்டுகளில் அது ஏறக்குறையப் பாதியாகவும், மழை குறைந்த ஆண்டுகளில் அதனினும் குறைவாகவும் இருந்து வருகிறது.

கிணற்றுக்காரர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். ஏரி நிறைந்தால் ஆயக்கட்டிலுள்ள கிணறுகளில் ஊற்று ஏறும். ஏரி வறண்டால் கிணறும் ஆழம் போகும். மின்சாரத்துக்குப் பணம் இல்லையென்றாலும், நூறடியில் கிடைத்த நீரை முந்நூறடியில் தேடும் செலவு அவரையே சாரும். ஆகவே மதகு நீர் வேண்டாதவரும் ஏரிக்குக் கடன்பட்டவரே.

கணக்கு என்ன சொல்கிறது?

ஏரியைத் தூர் வாரிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். தூர் வாருதல் நல்லதே. ஆயினும் கணக்குப் பார்த்தல் நலம்.

ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரம் நிற்கும் ஜலத்தை ஓர் ஏக்கர் அடி என்கிறோம். அது சுமார் 1,233 கன மீட்டர். நவரை நெல்லுக்கு நாற்றங்கால் முதல் அறுவடை வரை, வாய்க்காற் சேதம் உட்பட, சுமார் 4 அடி ஜலம் வேண்டும் என்று கொள்வோம். மேற்கூறிய கிராமத்தில் 110 ஏக்கருக்குக் காணும் நீர் என்றால் 440 ஏக்கர் அடி ஆகிறது.

முதலில் வண்டல். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வண்டல் எடுத்துக்கொள்ளலாம் என்பது 2017-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அளவு. ஆயக்கட்டுதாரர் அனைவரும் தத்தம் 180 ஏக்கருக்கும் இவ்வளவு அடித்தார்கள் என்றால் 13,500 கன மீட்டர் வெளியேறும். அவ்விடத்தில் கூடுதலாக நிற்கும் ஜலம் 11 ஏக்கர் அடி. அது ஏறக்குறைய 3 ஏக்கர் நெல்லுக்குப் போதும்.

இனிப் பங்கீடு. எப்பொழுதும் வயலில் நீர் நிறுத்தி வைக்காமல், கட்டிய நீர் மறைந்து மண்ணில் மயிர்க்கோடாக வெடிப்புத் தோன்றும்போது மறுபடி கட்டும் முறையைக் கைக்கொண்டால் நான்கில் ஒரு பங்கு வரை ஜலம் மீதமாகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிரிடுதல் என்று நம் முன்னோர் சொன்னதும் இதுவே. பூக்கும் சமயத்திலும் பால் பிடிக்கும் சமயத்திலும் மட்டும் ஈரம் குறையாமற் பார்க்கவேண்டும். இப்படி 4 அடிக்குப் பதில் 3 அடியில் முடித்தால் அதே 440 ஏக்கர் அடி 146 ஏக்கருக்குக் காணும். அதாவது மண்வெட்டியால் 3 ஏக்கர். கட்டுப்பாட்டால் 36 ஏக்கர்.

வண்டல் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. வண்டல் மணற்பாங்கான நிலத்துக்குச் சிறந்த உரம். ஆண்டுதோறும் எடுத்துவந்தால் தூர் சேராமலும் இருக்கும். ஆனால் இயந்திரம் வைத்து ஒரு முறை தோண்டிவிட்டு, வரத்துக்காலையும் முறைப்பாசனத்தையும் கவனியாமல் விடும் ஊர், சட்டியைப் பெரிதாக்கிக்கொண்டு உலையில் அரிசி போடாத வீட்டைப் போன்றது.

பழமையில் கொள்ளவேண்டியதும் தள்ளவேண்டியதும்

ஊராரிடத்தில் அதிகாரம் இருந்த காலமெல்லாம் நியாயம் நிலவிய காலம் என்று எண்ணுதல் தவறு. உத்திரமேரூர் வாரியத்தில் இடம்பெற நிலமும் வீடும் சாஸ்திரப் படிப்பும் வேண்டியிருந்தன. குடிமராமத்துக்கு மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஏழை மக்கள். இரவில் கொட்டும் மழையில் கலிங்கைக் காத்து, உடைப்பில் இறங்கி அடைத்த நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஏரிக்காரியம் பேசும் கூட்டத்தில் அவர்களுக்கு உட்கார இடம் இல்லை. நாற்று நடுவதும், களை பறிப்பதும், குடிநீர் சுமப்பதும் பெண்களாயினும் அவர்களுடைய சொல் ஏறவில்லை. இக்குறைகளை அப்படியே வைத்துக்கொண்டு பழைய அதிகாரத்தை மட்டும் மீட்க விரும்பினால் அது சிலருடைய அதிகாரமாகுமே தவிர ஊரின் அதிகாரம் ஆகாது. இன்றைய ஏரிச் சங்கத்தில் தலைமடையாரோடு கடைமடையாரும், பட்டாதாரரோடு குத்தகைக்காரரும், ஆடு மாடு வளர்க்கும் நிலமற்றவரும், பெண்களும் இருத்தல் வேண்டும்.

இக்காலத்தில் உள்ள வழிகள்

சர்க்காரும் இதனை உணர்ந்து சில வழிகளைத் திறந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பாசன முறைகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டம் இயற்றப்பட்டு, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்க இடமேற்பட்டது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. 2017-ஆம் ஆண்டில் குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கப்பட்டு, முதற்கட்டமாக 1,519 வேலைகள் 100 கோடி ரூபாயில் எடுத்துக்கொள்ளப்பட்டன. மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ அளிக்கவேண்டும் என்பது அதன் விதி. அப்பத்தில் ஒரு பங்கு சிறிதாயினும் அதில் ஒரு தத்துவம் உண்டு. தன் பங்கு கொடுத்தவன் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்பான். பங்கைக் காண்டிராக்டரே கட்டிவிட்டால் கேட்பதற்கு வாய் இருக்காது. மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து வயலகம் என்னும் பெயரில் கண்மாய்தோறும் விவசாயிகள் சங்கங்களை அமைத்து வருவதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

எனினும் சட்டமோ திட்டமோ ஊரை ஒன்றுகூட்ட மாட்டா. ஊர் கூடியிருந்தால் அவை கைகொடுக்கும். அவ்வளவே.

ஊரார் செய்யவேண்டியவை

1. எல்லை அறிதல். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தைப் பார்த்து ஏரியின் பரப்பு, வரத்துக்காலின் அகலம், போக்குக்காலின் வழி ஆகியவற்றை ஊரறியச் செய்க. ஆக்கிரமிப்பு இருந்தால் கைகலப்புக்குப் போகாமல், கிராம சபையில் தீர்மானம் செய்து தாலுகா அலுவலகத்துக்கு எழுதுக. மார்ச் 22, உலக நீர் நாளில் கூடும் கிராம சபை இதற்கு ஏற்றது.

2. சித்திரை, வைகாசியில் வண்டல் எடுத்தல். உரிய அனுமதி பெற்றே எடுக்கவேண்டும். ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்றால், 100 கன அடி கொள்ளும் டிராக்டர் பெட்டியால் சுமார் 26 நடை ஆகும். கரையின் அடியை ஒட்டித் தோண்டலாகாது, கரை சரியும். பள்ளம் பள்ளமாய்த் தோண்டாமல் பரவலாக வழித்தெடுக்கவேண்டும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் ஊற்றுக்கும் கால்நடைக்கும் உதவுமேயன்றித் தானாக வாய்க்காலுக்கு ஏறாது. அனுமதி வண்டலுக்கேயன்றிச் செங்கற்சூளைக்கு மண் விற்பதற்கன்று.

3. ஆனி, ஆடியில் வரத்துக்கால் வெட்டுதல். சீமைக் கருவேலை வேரோடு எடுத்தாலன்றி மறுபடி தழைக்கும். அடிமரத்தை மட்டும் வெட்டுவது வீண் செலவு. மேலேரியின் கலிங்கு முதல் நம் ஏரியின் வாய் வரை ஒரு நாள் ஊரார் நடந்து பார்த்தாலே பாதி வேலை விளங்கிவிடும்.

4. புரட்டாசியில் கரை பார்த்தல். நண்டு வளை, எலி வளை, கறையான் புற்று ஆகியவற்றைத் தோண்டி, ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காக இட்டு இடித்து அடைக்கவேண்டும். மேலே மண்ணைத் தள்ளி மூடினால் உள்ளே ஓட்டை அப்படியே நிற்கும். மதகின் கதவும் திருகும் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்து எண்ணெய் இடுக.

5. ஐப்பசி, கார்த்திகையில் காவல். இராக்காவலுக்கு முறை வைத்து, மணல் மூட்டைகளைக் கரையில் தயாராக வைக்கவேண்டும். கலிங்கின் மேல் பலகையோ மூட்டையோ வைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது குற்றம் மட்டுமன்று, கரைக்கே ஆபத்து.

6. தையில் அளவெடுத்தல். மழை ஓய்ந்தபின் மதகுக் கல்லில் நீர்மட்டத்தைக் குறித்து, எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவுசெய்த பின்னரே நாற்று விடவேண்டும். மீதி நிலத்துக்கு 65 முதல் 70 நாளில் வரும் உளுந்து உகந்தது.

7. நீர்க்கட்டி. அவருக்கு ஊதியம் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும். தலைமடைப் பெரியவர் கேட்டாலும் முறை தவறி மடை திறவாதிருக்க அவருக்கு ஊரின் பின்பலம் வேண்டும். அது இல்லாத நீர்க்கட்டி பெயருக்கே நீர்க்கட்டி.

8. கணக்கு. மீன்பாசிக் குத்தகை, கரைமரங்களின் பலன் முதலியவற்றில் ஊராட்சிக்கு வருவதில் ஒரு பங்கை ஏரிக்கே செலவிடத் தீர்மானம் செய்யலாம். வரவு செலவை ஆண்டுக்கு ஒரு முறையேனும் கூட்டத்தில் உரக்கப் படிக்கவேண்டும். சங்கங்கள் உடைவது பெரும்பாலும் பணமின்மையால் அன்று, கணக்கின்மையால்.

குறைந்த ஜலத்தைப் பங்கிடும் முறை

நீர் குறைந்த ஆண்டில் யார் நிலத்தைத் தரிசு விடுவது என்பதே கடினமான கேள்வி. எப்பொழுதும் கடைமடையே விடவேண்டும் என்றால் அது நியாயமன்று. இலங்கையின் குளத்துப் பாசனக் கிராமங்களில் பெத்ம என்றொரு வழக்கம் உண்டு. நீர் குறைந்த போகத்தில் மதகுக்கு அருகிலுள்ள வயல்களை மட்டும் பயிரிட்டு, அவ்வயல்களை அப்போகத்துக்கு மட்டும் எல்லாக் குடிகளும் தத்தம் நிலத்தின் அளவுக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொள்வர். வாய்க்காற் சேதமும் குறைகிறது; எவனும் வெறுங்கையோடு நிற்பதும் இல்லை. இதனை அப்படியே மேற்கொள்ள இயலாத ஊர்களில், ஒவ்வொருவரும் தம் நிலத்தில் ஒரே விகிதத்தில் நெல்லைக் குறைத்துப் பயறு விதைப்பது இரண்டாந்தரமான வழி.

மேற்படி கிராமத்தின் பிற்செய்தி

பயிர் கருகிய அந்த ஆண்டின் வைகாசியில் ஊர்க்கூட்டம் ஒன்று நடந்தது. கடைமடை முதியவர் பேசவில்லை. ஒரு கைப்பிடி பதரைக் கொண்டுவந்து நடுவே வைத்தார். அன்று ஏழு பேர் கொண்ட ஒரு குழு அமைந்தது. அவர்களுள் இருவர் பெண்கள், ஒருவர் நிலமற்றவர். வரத்துக்காலில் இரண்டு நாள் ஊர் வேலை நடந்தது. காலனியிலிருந்து ஒருவரை நீர்க்கட்டியாக எழுத்துமூலம் அமர்த்தினர். குழுக் கூட்டத்துக்கு அவரும் வந்து பாயில் உட்கார்ந்தார். அடுத்த தையில் ஜலம் 120 ஏக்கருக்குக் காணும் என்று மட்டம் காட்டியது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்வதென்ற உடன்பாட்டின்மேல் 140 ஏக்கர் நெல்லும் மீதியில் உளுந்தும் என்று முடிவாயிற்று.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். தலைமடையில் நால்வர் உடன்படாமல் இருமுறை இரவில் மடை திறந்தனர். கடைமடையில் சில வயல்களில் பதர் மிகுந்தது. கிணறுள்ள இருவர் கடைசிப் பாய்ச்சலுக்குத் தண்ணீர் விட்டதால்தான் பல வயல்கள் தப்பின. ஆயினும் முதியவருடைய வயலில் அவ்வாண்டு களத்துக்கு நெல் வந்தது. மடை திறந்த நால்வரில் இருவர் மறு ஆண்டு தாமாகவே வரத்துக்கால் வேலைக்கு வந்தனர்.

குடியானவர்களே! ஏரியை யார் பார்த்துக்கொள்வது என்று இலாகாவை ஊரும், ஊரை இலாகாவும் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும்போதே வரத்துக்காலில் கருவேல் தழைக்கிறது. கற்கட்டடத்துக்கும் பெருஞ்செலவுக்கும் சர்க்காரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் இன்று எந்த மடை திறப்பது, யார் வயலுக்கு முதலில், எத்தனை நாழிகை என்பதை எந்த அதிகாரியும் தூரத்திலிருந்து தீர்மானிக்க முடியாது. அவ்வதிகாரம் என்றும் ஊரிலேயே கிடக்கிறது. அதை எடுக்க ஊர் கூடாவிட்டால் வலுத்தவன் எடுத்துக்கொள்வான்.

டிமான்ஸ்டிரேட்டர்களாகிய எங்களுக்கும் ஒரு சொல். இனி மாதிரி வயல் அமைக்குமுன் மண்ணைப் பரிசோதிப்பதுபோல் மதகுக் கல்லையும் பார்ப்போமாக. "தண்ணீரை யாரிடம் போய்க் கேட்பது?" என்று கடைமடையில் ஒருவர் கேட்டால், இன்ன இடத்தில், இன்ன நாளில் கூடும் உங்கள் கூட்டத்தில் கேளுங்கள் என்று சொல்லக்கூடிய ஊர்களை இன்னும் பல உண்டாக்குவோமாக.

ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர்